குமிழில் இன்னொரு கோடு

ஃபிரிட்ஜ் நின்றுபோய்விட்டது என்றுதான் அவன் முதலில் நினைத்தான். காலையில் பால் எடுக்கச் சமையலறைக்குள் வந்தபோதே ஏதோ ஒன்று குறைவதுபோல் பட்டது. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுவதுபோலக் காது எதையோ தேடியது. கல்யாணமான புதிதில் வாங்கிய ஃபிரிட்ஜ் அது. ஓடத் தொடங்கும்போது சளி பிடித்தவன் மாதிரி ஒருமுறை செருமிக் குலுங்கும், அப்புறம் நாள் முழுக்க அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருக்கும். அந்த முனகலைக் காணோம். கதவைத் திறந்தான். உள்ளே விளக்கு எரிந்தது, குளிர் முகத்தில் பட்டது. பின்பக்கம் கையை விட்டு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. உள்ளங்கையில் அதிர்வுகூடத் தெரிந்தது.

ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"என்னங்க, காலங்காத்தால ஃபிரிட்ஜைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"சத்தமே வரலை, கவனிச்சியா?"

"வந்தாத்தான் கவலைப்படணும். இந்த வீட்டுல வாயை மூடுன முதல் ஆளு அதுதான். நல்லா இருக்கட்டும்."

மேஜையடியில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகள் தலையை நீட்டினாள். "அதுக்குச் சளி சரியாயிடுச்சாம்மா? மருந்து குடிச்சுச்சா? எனக்குக் குடுத்தீங்களே அந்தக் கசப்பு மருந்தா? அப்ப அது அழுதுச்சா?" ஒரு கேள்விக்கும் பதில் வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. அவளுக்கு வைத்த பெயரை வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை. வாயாடி என்றால்தான் திரும்புவாள். தூக்கத்தில்தான் அவள் வாய் ஓயும், அதுவும் எல்லா நாளும் இல்லை.

தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை போடுவது அவன் வேலை. கதவு சாத்தினால் ஓர் இசை, மாமியார் திரும்பிப் பார்த்தால் ஓர் இசை, யாரும் ஒன்றும் பேசாமல் நின்றால் மூன்று இசை. வீட்டின் பின்னறைதான் அவன் பட்டறை. பக்கத்து வீட்டுத் தாழ்ந்த மதிலைப் பார்த்த ஒற்றை ஜன்னல், ஒரு கீபோர்டு, ஒரு மடிக்கணினி, இரண்டு ஸ்பீக்கர்கள், எப்போதும் சூடேறிய தூசியின் வாசனை. கீபோர்டின் கட்டையை அழுத்தினால் கணினிக்குள்ளேயே சத்தத்தை உண்டாக்கித் தருகிற சிந்தசைசர் மென்பொருள்கள் அவனிடம் நிறைய இருந்தன. எல்லாம் எல்லாரிடமும் இருப்பவை. எந்தத் தொடரைப் போட்டாலும் அதே குழல், அதே அதிர்வு. "புதுசா ஒண்ணு போடுப்பா, நீ போடுறது லிஃப்ட்ல போறப்ப கேக்குற மாதிரி இருக்கு" என்று இயக்குநர் எல்லார் முன்னாலும் சொன்னது அவனுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் கீபோர்டு அண்ணன் ஒரு புது மென்பொருளை அனுப்பினார். முன்பு மேடைக் கச்சேரிகளில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாசித்தவர்கள். எங்கே கிடைத்தது என்று அவர் சொல்லவில்லை. "போட்டு வைடா தம்பி. முதல்ல ஒண்ணும் வராது. விட்டுப் பிடி" என்றார். திரையில் திறந்தால் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, நடுவில் ஒரே ஒரு குமிழ். பெயர் இல்லை, எழுத்து இல்லை. முந்தின நாள் மாலை கட்டைகளை அழுத்தி அழுத்திப் பார்த்தும் ஒரு சத்தமும் வரவில்லை. அண்ணன் விளையாடுகிறார் என்று நினைத்து அப்படியே விட்டிருந்தான்.

இன்று திறந்தபோது குமிழின் ஓரத்தில் நகக்கீறல் போல ஒரு கோடு இருந்தது. குமிழை அந்தக் கோட்டுக்குத் திருப்பிக் கட்டையை அழுத்தினான். ஸ்பீக்கரிலிருந்து எழுந்த சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. ஈரமான, ஆழமான, கிணற்றுக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவது போன்ற சத்தம். கீழ்க்கட்டைகளுக்குப் போகப் போக அது இன்னும் விரிந்தது. கை மயிர் சிலிர்த்தது. எங்கேயோ கேட்டது மாதிரி இருந்தது, ஆனால் எங்கே என்று யோசிக்க அவனுக்குப் பொறுமை இல்லை. அன்றைய காட்சிக்கு அதையே போட்டு அனுப்பினான்.

மாலையில் இயக்குநர் தானே கூப்பிட்டார். "என்ன வாத்தியம்யா அது? வயித்தைப் பிசையுது. இனிமே அதையே போடு."

அன்று அவன் சமைக்கும் இடத்துக்கே போய் மனைவியிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். "சரிங்க, கேட்டுட்டேன், இது நாலாவது தடவை" என்று அவள் சிரித்தாள்.

அடுத்து வந்த கோட்டில் இருந்தது அவனுக்கு நன்றாகப் பழகிய சத்தம். கட்டையை அழுத்தியதும் வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்துவிட்டான், யாரும் இல்லை. பாதி வழி திரும்பி வந்தபோதுதான் அடித்தது வாசல் மணி இல்லை, ஸ்பீக்கர் என்று உறைத்தது. மறுபடி வெளியே போய் மணியின் பொத்தானை அழுத்தினான். மூடியைக் கழற்றிப் பார்த்தான். உள்ளே சின்னச் சுத்தியல் கிண்ணத்தை அடித்துக்கொண்டே இருந்தது. அடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. விரலை வைத்தால் கிண்ணம் நடுங்குவதும் தெரிந்தது. காதுக்கு ஒன்றும் இல்லை.

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டபடி அவனைப் பார்த்துத் தலையாட்டினார். அவனும் ஆட்டினான்.

அப்போதே அதை அழித்திருக்கலாம். விரல் அந்த இடம்வரை போகவும் செய்தது. ஆனால் தொடரில் பெரிய கட்டம் வரப்போகிறது, எல்லாரும் அந்தச் சத்தத்தைப் பற்றியே பேசுகிறார்கள், இத்தனை காலம் அவனை ஏறெடுத்தும் பாராதவர்கள் அவன் எண்ணைத் தேடி வாங்கி அழைக்கிறார்கள். போனது என்ன, ஒரு ஃபிரிட்ஜின் முனகல், ஒரு மணி. யாருக்கு நஷ்டம்? மடிக்கணினியின் மைக்கில் ஒரு துண்டு டேப்பை ஒட்டினான். ஒட்டியதும் பாதுகாப்பாகத்தான் இருந்தது.

டேப் ஒன்றையும் தடுக்கவில்லை. கூடத்துக் கடிகாரம் முள் நகர்த்தியது, டிக் என்ற ஓசை இல்லை. குழாய்த் தண்ணீர் வாளியில் பஞ்சு விழுவதுபோல் விழுந்தது. மனைவியின் சாவிக்கொத்து மேஜைமேல் ஓசையில்லாமல் சரிந்தது. ஒவ்வொன்றும் போன பிறகு குமிழில் இன்னொரு கோடு இருந்தது. ஒவ்வொரு கோட்டிலும் இதுவரை யாரும் கேட்டிராத ஒரு வாத்தியம் இருந்தது. வீட்டுக்குள் வருகிறவர்கள், "உங்க வீடு எவ்வளவு அமைதி" என்றார்கள். மனைவி இப்போது சிரிப்பதில்லை. வேலை நடுவில் நின்று காதைத் தடவிக்கொள்வாள்.

"எனக்குக் காது மந்தமாகுதோன்னு பயமா இருக்குங்க. சட்டி விழுந்தா காலுல பட்ட பிறகுதான் தெரியுது."

"அப்படியெல்லாம் இருக்காது."

"நீங்க பேசுறது கேக்குது. பாப்பா பேசுறது தாராளமா கேக்குது. சாமான்தான் கேக்கலை. அது என்ன காது?"

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு மாலை மகள் பள்ளியிலிருந்து வந்தாள். அவள் ஷூ ஒவ்வோர் அடிக்கும் கீச் கீச் என்று கத்தும். அதற்காகவே அழுது வாங்கியது. வாசலிலிருந்து பின்னறைவரை ஓடிவந்தாள். அவள் வாயிலிருந்து கதை கொட்டிக்கொண்டிருந்தது. காலடியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அப்பா, என் ஷூ செத்துப்போச்சு" என்றாள்.

அவன் அவள் காலைப் பார்த்தபடியே இருந்தான். சாமான்கள் முடிந்து, அவள் காலுக்கு வந்துவிட்டது. காலிலிருந்து மேலே வர எவ்வளவு நேரம் ஆகும்?

கீபோர்டு அண்ணனுக்குப் போன் செய்தான். யாரோ எடுத்தார்கள், ஆனால் மறுமுனையில் ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சல்கூட இல்லை. மறுநாள் மதியம் மடிக்கணினியை மூடி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, நேரே அவர் வீட்டுக்குக் கிளம்பினான்.

அந்தத் தெருவில் பேருந்து ஓடியது, நாய் குரைத்தது, யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் அதெல்லாம் கத்தரித்ததுபோல் நின்றது. இரும்புக் கேட் தூணில் மோதியது. ஓசையில்லை. சரளைக்கல்மேல் நடந்தான். ஓசையில்லை. அவன் மூச்சு மட்டும் அவனுக்கே அசிங்கமாகக் கேட்டது.

அண்ணி கதவைத் திறந்தாள். அவன் வாயைத் திறப்பதற்குள் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்தி வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். கேட்டுக்கு அப்பால் தெருவில் நின்றுதான் பேசினாள், அதுவும் காதோடு.

"உள்ள பேசாதீங்க தம்பி. எனக்கு மிச்சம் இருக்குறதே இதுதான்."

"அண்ணன் எங்க அண்ணி?"

"இருக்காரு. குரல் போயிடுச்சு."

"அதை அழிச்சுடச் சொல்லுங்க. நான் இப்பவே அழிச்சுடறேன்."

"அழிச்சுப் பாத்தாரு. குரல் திரும்பி வரலை. அதுலயும் இல்லாம போயிடுச்சு. ஒரு நாள் முழுக்கத் தரையில கிடந்து அழுதாரு. சத்தமில்லாம அழுதா எப்படி இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? மறுபடியும் ஏத்துனாரு. மிச்சம் மீதி ஒண்ணே ஒண்ணு அதுல வந்துச்சு. இப்ப அதையே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு."

"எனக்கு எதுக்கு அண்ணி அனுப்பினாரு?"

அவள் தெருவைப் பார்த்தாள். "இன்னொருத்தர் வீட்டுக்குப் போனா இங்க விட்டுடும்னு யாரோ சொன்னாங்களாம். விடலை."

வாயைத் திறக்காமல் அவள் பின்னாலேயே உள்ளே போனான். அண்ணன் அறையில் ஜன்னல் திறந்திருந்தது. வெளிச்சம் தாராளமாக இருந்தது. கீபோர்டின் முன் உட்கார்ந்திருந்தவர் இவனைப் பார்த்ததும் வாயை அசைத்தார். தம்பி என்று சொன்னார் போலிருக்கிறது. பிறகு விரலை ஒரு கட்டைமேல் வைத்து அழுத்தினார். ஸ்பீக்கரிலிருந்து அவர் சிரிப்பு வந்தது. மேடையில் யாராவது சுருதி தப்பினால் வயிறு குலுங்கச் சிரிப்பாரே, அதே சிரிப்பு. அழுத்தினார். சிரிப்பு. மறுபடி அழுத்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. அவர் தோள்கள் குலுங்கின. குலுங்குவது சிரிப்புக்கு ஒரு கணம் பிந்தி வந்ததை அவன் கவனித்தான். அவருடைய வயிறு சிரித்தது. முகம் அதில் சேரவில்லை.

அவன் விடைபெறவில்லை. ஓடினான்.

வழியெல்லாம் ஒரே நினைப்பு. வீட்டுக்குப் போனதும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். துணிமணிகூட வேண்டாம். வாயைத் திறக்க வேண்டாம் என்று சைகை காட்டி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எங்கேயாவது. தன் வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டினான். தட்டியது கேட்காது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினான்.

மகள்தான் கதவைத் திறந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. கையை விரித்து விரித்து, கண்ணை உருட்டி, ஏதோ பெரிய கதை சொன்னாள். உதடுகள் ஓயாமல் அசைந்தன.

ஒன்றும் கேட்கவில்லை.

அவன் அவள் முன் மண்டியிட்டுத் தோளைப் பிடித்தான். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவளுக்கே இன்னும் தெரிந்திருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் மெல்ல மெல்ல நிறுத்தினாள்.

மருத்துவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். குரல் நாண்கள் நன்றாக இருக்கின்றன, அசைகின்றன, ஏன் குரல் வரவில்லை என்று தெரியவில்லை என்றார். பயந்திருப்பாள், சில நாளில் சரியாகும் என்றார். வீட்டை விட்டும் போய்ப் பார்த்தார்கள். வேறோர் ஊரில், மனைவியின் அக்கா வீட்டில் தங்கினார்கள். அங்கே எல்லாச் சத்தமும் இருந்தது. அவள் குரல் மட்டும் இல்லை. அவள் வாயசைப்பதையும் குறைத்துக்கொண்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அங்கே வைத்துத்தான் அவன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தவில்லை.

"அப்ப அவ குரல் அதுல இருக்கா?"

"இருக்கும்."

"நீங்க கேட்டீங்களா?"

"இல்லை. தொடவே இல்லை. அழிச்சிடலாம்."

"அழிக்கத் தொட்டீங்கன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்றாள். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை. "எனக்கு வீட்டுக்குப் போகணும்."

வீடு திரும்பிய அன்றே மனைவி அலமாரியைத் திறந்தாள். குமிழைக் கடைசிக் கோட்டுக்குத் திருப்பி, நடுக்கட்டையை அவள் ஒரு விரலால் தொட்டாள்.

"அம்மா."

அவ்வளவுதான். ஒரு சொல். பள்ளிவிட்டு வந்து வாசலிலிருந்தே கூப்பிடுகிற அதே இழுப்பு, அதே செல்லம். மனைவியின் முகம் உடைந்து, பிறகு விரிந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி. அன்றிலிருந்து அவள் அந்த அறையை விட்டு வரவில்லை. சோறு எடுத்துப்போனால் அப்படியே இருந்தது. மேல்கட்டையில் குரல் கைக்குழந்தையாக இருக்கிறது, கீழ்க்கட்டையில் வளர்ந்த பெண்ணாக இருக்கிறது என்று கண்டுபிடித்து அவனிடம் சொன்னாள். "பெரியவளானா இப்படித்தாங்க பேசுவா." அவள் கண்கள் காய்ச்சல்காரியின் கண்கள்போல் மின்னின. மகள் வந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தால், "ஷ்... இருடி. பாப்பா பேசுறா" என்பாள்.

அவன் இரண்டு முறை மடிக்கணினியைப் பிடுங்கப் பார்த்தான். இரண்டாம் முறை அவள் அவன் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது.

ஒரு மதியம், நல்ல வெளிச்சத்தில், கடைக்குப் போய்விட்டு வந்தான். வீட்டுக்குள் நுழைந்ததும் குரல் கேட்டது. அம்மா. அம்மா. பழகிப்போயிருந்தது. பையைச் சமையலறையில் வைத்தான். மகளைக் கூடத்தில் காணவில்லை. படுக்கையில் இல்லை. மாடிப்படியில் இல்லை.

அம்மா.

பின்னறைக் கதவு பாதி திறந்திருந்தது.

மனைவி கீபோர்டின் முன் இருந்தாள். மகள் அவளுக்கு எதிரே, ஜன்னல் வெளிச்சத்தில், கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்றிருந்தாள்.

"பாருங்க" என்றாள் மனைவி. சந்தோஷத்தில் குரல் நடுங்கியது. "அவளே பேசுறா. பாருங்க."

அழுத்தினாள். மகளின் வாய் திறந்தது. அம்மா. விரலை எடுத்தாள். வாய் மூடியது.

மேல்கட்டை. மகளின் கழுத்து நீண்டது, நரம்பு புடைத்தது. அம்மா. கீழ்க்கட்டை. மோவாய் மார்பில் இடித்தது. அம்மா.

மகள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை அசையவில்லை. கண்கள் மட்டும். அந்தக் கண்களில் இருந்ததை அவன் அண்ணனின் முகத்தில் பார்த்திருந்தான்.

"நிறுத்து" என்றான்.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

நடுக்கட்டை. இந்த முறை அவள் விரலை எடுக்கவில்லை. அம்மா என்ற சொல் முடியும் இடத்தில் முடியாமல் நீண்டது. மா. இனிமையாக. சீராக. நீண்டுகொண்டே. மகளின் வாய் திறந்தபடி. மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. மூச்சு வெளியே போகிற இடத்தில் குரல் மட்டும். உதட்டின் ஓரம் வெளுத்தது. பிறகு நீலம்.

கையை எடு என்று கத்தினான்.

அவன் காதுக்கே கேட்கவில்லை.

மறுபடி கத்தினான். தொண்டை கிழிந்தது. ஒன்றும் இல்லை. மனைவி திரும்பவில்லை. திரையில், குமிழின் ஓரத்தில், இன்னொரு கோடு.

பாய்ந்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். விரல் விலகியது. கட்டை மேலே எழுந்தது.

குரல் நிற்கவில்லை.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினான். மடிக்கணினியைத் தூக்கித் தரையில் அடித்தான். திரை உடைந்து இருண்டது. கீபோர்டைக் காலால் மிதித்தான். கட்டைகள் தெறித்தன. எதிலும் ஓசையில்லை. அறையில் ஒரே ஓசை அதுதான். எங்கிருந்தும் வரவில்லை. எல்லா இடத்திலும் இருந்தது.

மனைவி மெல்ல எழுந்து மகளின் முன் மண்டியிட்டாள். முகத்தை இரு கையாலும் ஏந்தினாள். "வந்துட்டேன்டா" என்றாள். "அம்மா இங்கதான் இருக்கேன். போதும்டா கண்ணு. போதும். வாயை மூடு."

கீழ்த்தாடையை மேலே தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

மதிய வெயில் ஜன்னல் வழியாக அந்தத் திறந்த வாய்க்குள் விழுந்தது. நாக்கு உலர்ந்திருந்தது. கண்கள் இன்னும் அவனையே பார்த்தன. குரல், ஒரு துளி நடுக்கமில்லாமல், அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.